அடியில் இருப்பது என்ன செடி?

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரின் வியாழக்கிழமைச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் ஆடு வாங்குவதில்லை. நர்சரியில் எலுமிச்சையோ சாத்துக்குடியோ ஒட்டுக்கன்றாக வாங்கும்போது மட்டும் இலையின் பச்சையைப் பார்த்ததும் பணத்தை நீட்டிவிடுகிறோம். அடியில் இருப்பது என்ன செடி என்று கேட்பதில்லை.

ஒட்டுக்கன்று என்பது இரண்டு செடி. மேலே காய்க்கும் ரகம், கீழே வேர்ச்செடி. நம் நாட்டில் வேர்ச்செடி பெரும்பாலும் ஜம்பேரி அல்லது ரங்க்பூர் எலுமிச்சை. பென்சில் பருமன் வந்ததும் பட்டையைக் கீறி மொட்டைச் செருகிக் கட்டுவார்கள். இந்த இனங்களின் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பில்லாமல் தாய்மரத்தை அப்படியே உரித்துவைத்தவை. ஒரே குணமுள்ள வேர்ச்செடிகள் ஆயிரக்கணக்கில் கிடைப்பது இதனால்தான்.

வேரை நோய்க்காகத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் 1840-களை ஒட்டித் தொடங்கியது. அசோர்ஸ் தீவுகளில் ஆரஞ்சு மரங்கள் அடித்தண்டில் பிசின் வடிந்து, வேர் அழுகிச் செத்தன. காரணம், ஈர மண்ணில் பெருகும் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரி. புளிப்பு ஆரஞ்சின் வேர் அதைத் தாங்கியதால் பல நாடுகள் அதற்கு மாறின. ஏறக்குறைய நூறாண்டு நிம்மதி. பிறகு 1930-களில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் அதே வேரில் நின்ற ஆரஞ்சு மரங்கள் லட்சக்கணக்கில் காய்ந்தன. இம்முறை வந்தது டிரிஸ்டீசா வைரஸ். அதை அசுவினிப் பூச்சி பரப்புகிறது என்பது 1946-இல் பிரேசிலில் உறுதியானது.

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. புளிப்பு ஆரஞ்சு தனியாக நின்றால் இந்த வைரஸால் அது சாவதில்லை. ரங்க்பூர் வேரில் நிற்கும் ஆரஞ்சும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஆரஞ்சைப் புளிப்பு ஆரஞ்சின் மேல் கட்டினால்தான் வினை. ஒட்டுக்குக் கீழே, இலை சமைத்த சர்க்கரையை இறக்கும் திசுக்கள் செத்துப்போகின்றன. வேர் பட்டினியில் மடிகிறது. ஆக, இந்த நோயைத் தாங்குவது வேரின் தனிக்குணம் அல்ல, ஜோடியின் குணம்.

நம் நாட்டு எலுமிச்சைக்கு இந்தக் கணக்கும் உதவாது. வைரஸ் அதன் தண்டையே குழிகுழியாக அரிக்கும், கீழே எந்த வேர் இருந்தாலும். வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் செடியாகவே ஆய்வாளர்கள் எலுமிச்சையைப் பயன்படுத்துகிறார்கள். சொறி நோயும் மேல்ரகத்தைப் பொறுத்ததுதான். ஆகவே, ‘ஒட்டு எலுமிச்சைக்கு எந்த நோயும் வராது’ என்று விற்பவரைச் சற்றுச் சந்தேகிக்கலாம். சாத்துக்குடி ஆரஞ்சு இனம் என்பதால் அதற்கு ஜோடிக் கணக்கு பொருந்தும்.

அப்படியானால் திண்டுக்கல் சமவெளிக்கு எந்த வேர்? நோய் எதிர்ப்பில் சூரன், சீனாவிலிருந்து வந்த மூவிலை ஆரஞ்சு. டிரிஸ்டீசா, வேரழுகல், வேர் நூற்புழு எல்லாவற்றுக்கும் அது ஈடுகொடுக்கும். ஆனால் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து கிடைக்காமல் இலை வெளிறிவிடும். குளிர்நாட்டுச் செடி வேறு. ஜம்பேரி வேகமாக வளரும், நிறையக் காய்க்கும். தண்ணீர் தேங்கினால் அழுகும். விதர்பாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் பெரிய தலைவலி இதுதான். வறட்சியையும் சுண்ணாம்பையும் ஓரளவு பொறுக்கும் ரங்க்பூரே நம் பக்கத்துக்கு ஒத்துவரும். அதற்கும் வேரழுகல் பயம் உண்டு. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு ஒரு சாண் மேலே இருக்க வேண்டும்; பாசன நீர் தண்டைத் தொடாதபடி வட்டப் பாத்தி கட்ட வேண்டும்.

ரங்க்பூரை நம்பிப் பிரேசில் பெரும்பகுதித் தோட்டங்களை அதற்கே மாற்றியது. 2000-ஐ ஒட்டி அங்கே திடீர்ச்சாவு நோய் கிளம்பி, அந்த வேரில் நின்ற மரங்களை வீழ்த்தியது. விவசாயிகள் மரத்தை வெட்டாமல் வேரை மாற்றினார்கள். 1907-இல் அமெரிக்காவில் வால்டர் சுவிங்கிள் கிரேப்ஃப்ரூட்டையும் மூவிலை ஆரஞ்சையும் கலந்து உருவாக்கிய வேர்ச்செடியை மரத்தடியில் நட்டு, அதன் நுனியைத் தண்டில் ஒட்டவைத்தார்கள். நோய் முற்றுவதற்கு முன் புது வேர் பிடித்த மரங்கள் பிழைத்தன.