புது பேரிங் கெட ஒரு நிமிடம் போதும்! இன்ஜின் வேலை முடிந்ததும் முதலில் ஆயிலை ஏற்றுங்கள்

நாற்று விடும் சமயத்தில் எங்கள் வீட்டு டிராக்டர் இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தோம். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாமே புதிது. கிராங்க் ஷாஃப்ட்டை லேத் பட்டறையில் கிரைண்டிங் செய்து வாங்கினோம். வேலை முடியும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மெக்கானிக் ஆயிலை ஊற்றி, அளவுக்கம்பியைப் பார்த்துவிட்டு, உடனே ஸ்டார்ட் செய்துவிட்டார். உழவு அவசரத்தில் அவரை விரட்டியதும் நாங்கள்தான்.

பத்தே நாளில் இன்ஜின் அடியில் ‘டக் டக்’ சத்தம். பிரித்தால், புது பேரிங்கின் மேல்பூச்சு உரிந்து செம்பு தெரிகிறது. கிராங்க்கில் கோடு விழுந்திருக்கிறது. மறுபடி கிரைண்டிங், மறுபடி பேரிங், மறுபடி கூலி. உழவுக்கு வாடகை டிராக்டர். ‘ஆயில் ஏறுவதற்கு முன்பே ஓட்டியிருக்கிறீர்கள்’ என்றார், இரண்டாவது முறை பிரித்த மெக்கானிக்.

ஊற்றிய ஆயில் எங்கே இருக்கிறது?

நாம் ஊற்றும் ஆயில் அடியில் உள்ள சம்ப்பில்தான் தங்கும். ஆயில் பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகத் தள்ளி, கிராங்க், கேம், ராக்கர் வரை அனுப்ப வேண்டும். கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவுதான். அந்த இடைவெளியில் அழுத்தத்தோடு ஆயில் நின்றால் இரும்பும் பேரிங்கும் உரசாது.

தினமும் ஓடும் இன்ஜினில் பழைய ஆயில் ஒட்டியிருக்கும். பிரித்துக் கழுவிப் பூட்டிய இன்ஜினில் வழி முழுக்கக் காற்றுதான். காய்ந்த பம்ப் சீக்கிரம் உறிஞ்சாது. போர்வெல் மோட்டாருக்கு முன், கிணற்று மேட்டு மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி ஏர் எடுத்தோமே, அதே கதைதான்.

செய்யவேண்டிய வேலைகள்

1. பூட்டும்போதே பேரிங், பிஸ்டன், கேம் எல்லாவற்றிலும் சுத்தமான இன்ஜின் ஆயில் தடவ வேண்டும். ஆயில் பம்ப்பின் உள்ளேயும் ஆயில் ஊற்றிச் சுற்றிவிட வேண்டும்.

2. நிமிர்ந்து நிற்கும் ஃபில்டர் என்றால், ஆயில் நிரப்பியே மாட்டுங்கள். டர்போ உள்ள இன்ஜினில், டர்போவின் ஆயில் குழாயைக் கழற்றி அதிலும் கொஞ்சம் ஊற்ற வேண்டும்.

3. ரேடியேட்டரில் தண்ணீர், சம்ப்பில் ஆயில் அளவு பாருங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். கியர் நியூட்ரலில், பி.டி.ஓ விடுபட்டு இருக்க வேண்டும். ஃபேன் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

4. டீசலை நிறுத்தும் ஸ்டாப் லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, 10 விநாடி மட்டும் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஓரிரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி சுற்றுங்கள். டீசல் எரியாததால் பேரிங் மேல் சுமை குறைவு, வேகமும் குறைவு. இன்ஜெக்டரைக் கழற்றி வைத்துச் சுற்றினால் இன்னும் சுலபம்.

5. ஆயில் பிரஷர் முள் ஏற வேண்டும். அல்லது சிவப்பு விளக்கு அணைய வேண்டும். ராக்கர் மூடியைத் திறந்து, மேலே ஆயில் வருகிறதா என்றும் பாருங்கள். வந்த பிறகுதான் ஸ்டார்ட்.

நான்கைந்து முறை சுற்றியும் பிரஷர் வரவில்லையா? ‘ஓடினால் சரியாகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பம்ப், உறிஞ்சு குழாய், ஃபில்டர் வாஷர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். தள்ளியோ, கயிறு கட்டி இழுத்தோ முதல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கைப்பிடி சுற்றும் ஆயில் இன்ஜினில் டீசலை அடைத்து, டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிவிட்டுச் சுற்றலாம். பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோல் பம்ப்பையும் துண்டித்துவிட்டுச் சுற்ற வேண்டும். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள புது வண்டிகளுக்குக் கம்பெனி கையேட்டில் சொன்ன முறைதான் சரி.

ஸ்டார்ட் ஆன பிறகு

எடுத்த எடுப்பில் ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீர்கள். கண் பிரஷர் முள்ளிலேயே இருக்கட்டும். சில விநாடிகளில் ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஏறினால், கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நிறுத்தி ஆயில் அளவைச் சரிசெய்யுங்கள். புது ரிங் படிய, முதலில் லேசான வேலை கொடுங்கள். கனமான உழவும் வேண்டாம், மணிக்கணக்கில் சும்மா ஓடவிடவும் வேண்டாம். முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பல டிராக்டர்களில் இது 50 மணி நேரம்.

வேலை முடிந்த இன்ஜின் பல வாரம் சும்மா நின்றிருந்தால், ஆயிலை மறுபடி ஏற்றிவிட்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆகலாம். இன்ஜின் பூட்டும் நாளில் நீங்களே பட்டறையில் நில்லுங்கள். ‘ஆயில் ஏற்றியாச்சா, முள் ஏறிடுச்சா?’ என்று கேட்டுவிட்டே சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டாவது முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். அந்த பேரிங் இன்றைக்கும் சத்தமில்லாமல் ஓடுகிறது.