பெரிய வண்டிக்கு டீசல் செலவு கட்டுப்படியாகவில்லையா? இதையெல்லாம் கவனியுங்கள்!

பொலிரோ, சுமோ போன்ற பெரிய வண்டி கிராமத்தில் சும்மா நிற்பதில்லை. காலையில் உழவர் சந்தைக்குக் காய்கறி, மதியம் உரக்கடை, மாலையில் வீட்டுப் பெரியவர்களுடன் ஆஸ்பத்திரி என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் டீசல் செலவும் சத்தமில்லாமல் ஏறிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்தால் 1,250 லிட்டர் டீசல் தேவை. அதே வண்டி 14 கி.மீ. கொடுத்தால் சுமார் 1,071 லிட்டர் போதும். மிச்சம் 179 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 16,000 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும்.

முதலில் மைலேஜை அளந்து பாருங்கள்

பங்கில் டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். பம்ப் தானாக நின்றதும் போதும், அதற்கு மேல் ஊற்ற வேண்டாம். மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 400 கி.மீ. ஓடிய பிறகு அதே பங்கில் அதேபோல் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். இரண்டு மூன்று முறை அளந்து நோட்டில் எழுதி வையுங்கள்.

டயர் காற்று

காற்று குறைந்த டயர் ரோட்டில் அதிகமாக அழுந்தும், வண்டியை இழுக்க எஞ்சின் கூடுதலாக உழைக்கும். 15 நாட்களுக்கு ஒருமுறை, வண்டியை எடுக்கும் முன் டயர் சூடில்லாமல் இருக்கும்போது காற்று பாருங்கள். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது டிரைவர் கதவின் ஓரத்தில் உள்ள ஸ்டிக்கரிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். முழு பாரத்துக்குத் தனி அளவு போட்டிருந்தால், சுமை ஏற்றும் நாளில் அதைப் பின்பற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று பிடிக்கக் கூடாது.

ஏர் ஃபில்டர்

மண் ரோட்டிலும் அறுவடை நடக்கும் களத்து மேட்டிலும் ஓடும் வண்டிக்கு ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இழுவை குறைவதும் கரும்புகை வருவதும் அதன் அறிகுறிகள். கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் முன்னதாகவே கழற்றிப் பாருங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். இல்லையென்றால் தூசி எஞ்சினுக்குள் போய்த் தேய்மானம் வரும்.

தேவையில்லாத சுமை

கூரை மேல் உள்ள கேரியர் காலியாக இருந்தாலும் காற்றைத் தடுக்கும். கழற்ற முடிந்தால் தேவைப்படும் நாளில் மட்டும் மாட்டுங்கள். பின்னால் கிடக்கும் பழைய சாக்கு, மோட்டார் சாமான்களை இறக்கி வையுங்கள். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

ஓட்டும் முறை

செலவே இல்லாமல் மிச்சம் பிடிக்கும் வழி இதுதான். வேகம் 60-லிருந்து 90 ஆனால் காற்றின் எதிர்ப்பு இரண்டே கால் மடங்காகிறது. உயரமான, சதுர முகப்பு கொண்ட வண்டிகளில் இதன் பாதிப்பு இன்னும் நன்றாகத் தெரியும்.

• சமதளத்தில் சீக்கிரமே மேல் கியருக்கு மாறுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் தயங்காமல் கியரைக் குறையுங்கள்.
• வேகத்தடையைத் தூரத்திலேயே பார்த்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்.
• கிளட்ச் மேல் கால் வைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள்.
• இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம். இன்றைய எஞ்சின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டாலே டீசல் நின்றுவிடும்.
• சந்தையில் சரக்கு இறக்கும்போது எஞ்சினை அணையுங்கள். நின்றபடி ஒரு மணி நேரம் ஓடினால் அரை லிட்டருக்கு மேல் டீசல் வீணாகும். நீண்ட தூரம் வேகமாக ஓடி வந்த டர்போ வண்டியை மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

பி.எஸ். 6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓட்டினால் அது அடைக்கும். அவ்வப்போது மெயின் ரோட்டில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள், சேர்ந்த கரி எரிந்துவிடும். கையேட்டில் சொன்ன வகை ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள்.

திடீரென்று மைலேஜ் குறைந்தால்

ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தில் மட்டும் சூடு அதிகமாகத் தெரிந்தால் பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம். சுட்டுவிடும், சக்கரத்தைத் தொடாமல் பக்கத்தில் கையைக் காட்டிப் பாருங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் வீல் அலைன்மெண்ட் பாருங்கள். இரண்டும் சரியென்றால் டீசல் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள். போகும்போது மைலேஜ் எழுதிய நோட்டையும் கொண்டுபோங்கள். எப்போதிருந்து குறைந்தது என்று தெரிந்தால், நல்ல பாகங்களை வீணாக மாற்றும் செலவு மிஞ்சும்.