எலிக்கு ஏர்கன்: வாங்கும் முன் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

கேழ்வரகு, சாமை, நிலக்கடலை, மொச்சை என்று நம் தருமபுரி மாவட்டத்துச் சரக்குகளில் எலிக்குப் பிடிக்காதது எதுவுமில்லை. அரூரானாலும் பாலக்கோடானாலும் பென்னாகரமானாலும், கிடங்கு வைத்திருக்கும் வணிகருக்கு எலித்தொல்லை பொதுவானது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்குத் தமிழக அரசு தடை விதித்துள்ளது. உணவுப் பொருளின் நடுவே விஷம் வைப்பதும் சரியல்ல. ஆகவே ஏர்கன் வாங்கலாமா என்ற கேள்வி எழுகிறது. வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதை இங்கு பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், குண்டு வெளிப்படும் விசை 20 ஜூலுக்கும் மிகாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. இந்த அளவைத் தாண்டினால் உரிமம் வேண்டும். அளவு குறிப்பிட்ட ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். விற்பவர் அடையாளச் சான்று கேட்டால் தயங்காமல் கொடுக்க வேண்டும். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி இதில் சேராது. அதை வைத்திருப்பதே குற்றம்.

எலிக்காக வாங்கியதை மயில், குரங்கு, அணில், பறவைகள் பக்கம் திருப்பவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் உள்ளது. புறா, குருவி கிடங்குக்குள் வராமலிருக்க வலை கட்டினால் போதும்.

ஓசையும் விசையும்

கடைவீதியில் அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல் கூடாது என்பதால் ஓசை குறைவானதையே பலரும் கேட்பார்கள். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், அதாவது 1,100 அடிக்குச் சற்று மேல். குண்டின் வேகம் இதைத் தாண்டினால் சாட்டையைச் சொடுக்கியது போன்ற ஓசை எழும், குறியும் தவறும். ஆகவே பெட்டியின்மேல் ‘நொடிக்கு 1,200 அடி’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். வழக்கமான அரை கிராம் ஈயக் குண்டு அந்த வேகத்தில் சென்றால் விசை 33 ஜூலைத் தொடும். அது சட்ட வரம்பையும் மீறியதாகும். அதே குண்டு நொடிக்கு 700 அடி வேகத்தில் சென்றால் சுமார் 11 ஜூல். பத்து மீட்டருக்குள் இருக்கும் எலிக்கு இதுவே தாராளம்.

குழலை மடக்கி விசையேற்றும் ஸ்பிரிங் வகை விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் ஸ்பிரிங் பாயும்போது துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும். இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாக ஏந்திச் சுடப் பழகினால்தான் குறி நிற்கும். காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. வகையில் உதறல் இல்லை, குறி துல்லியம். ஆனால் விலை அதிகம், தனி பம்பும் வேண்டும். காற்று வெளியேறும் ஓசையும் உண்டு. ஓசையை அடக்கும் கருவியைத் தனியாக வாங்கிப் பொருத்துவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். குறைந்த விசையே நல்ல வழி.

குறியைச் சோதிக்கும் முறை

பத்து மீட்டர் தூரத்தில் காகிதம் ஒட்டி, துப்பாக்கியை மெத்தையான தாங்கலின்மேல் வைத்து, ஐந்து குண்டுகள் சுட வேண்டும். ஐந்தும் ஒரு ரூபாய்க் காசு மறைக்கும் இடத்துக்குள் விழுந்தால் அது நல்ல துப்பாக்கி. ஒரே துப்பாக்கி ஒருவகைக் குண்டுக்கு நன்றாகவும் வேறு வகைக்கு மோசமாகவும் சுடும். ஆகவே மூன்று நான்கு வகைக் குண்டுகளைச் சோதித்து, பொருந்துவதையே தொடர்ந்து வாங்க வேண்டும். தொலைநோக்கி பொருத்துவதானால் ஸ்பிரிங் உதறலைத் தாங்கக் கூடியதாகவும், பத்து மீட்டரில் தெளிவாகத் தெரிவதாகவும் இருக்க வேண்டும்.

சரக்கு இருக்கும் பக்கம் சுடலாகாது

வணிகருக்கு இதுவே முக்கியம். குண்டு ஈயம், ஈயம் நஞ்சு. குறி தவறிய குண்டு கேழ்வரகு மூட்டையில் புகுந்தால் சாக்கின்மேல் ஒரு சிறு துளை மட்டுமே தெரியும். அது மாவு மில்லுக்குப் போய் அரைபட்டால் ஒரு குழந்தையின் கூழில் கலக்கும். உணவில் அயல் பொருள் இருந்தால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 54இன்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கடையின் நல்ல பெயர் போனால் அபராதம் கட்டி அதை மீட்க முடியாது.

ஆகவே மூட்டை அடுக்கின் பக்கம் ஒருபோதும் சுடக் கூடாது. சிமெண்டுச் சுவரிலும் இரும்பு ஷட்டரிலும் பட்ட குண்டு திரும்பித் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். எலி வெளிப்படும் வழியில், சரக்கில்லாத மூலையில், பின்னால் மணல் நிரப்பிய பெட்டி வைத்து, கண்ணாடி அணிந்தே சுட வேண்டும். வேலையாட்கள் உள்ளே இருக்கும்போது கூடவே கூடாது. வேலை முடிந்ததும் குண்டை எடுத்துவிட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். செத்த எலியைக் கையுறையோடு எடுத்துப் புதைக்க வேண்டும். எலிக்காய்ச்சல் பரவுவது எலியின் சிறுநீரால்தான்.

முதலில் செய்ய வேண்டியது

பெண் எலி சுமார் மூன்று வாரம் கருச்சுமந்து, ஒரே ஈற்றில் ஆறேழு குட்டிகள் போடும். அவை மூன்று மாதத்துக்குள் தாமே குட்டி போடத் தொடங்கும். இரவுக்கு ஒன்றைச் சுட்டு இந்தக் கணக்கை நேர் செய்ய முடியாது. விரல் நுழையும் துளை எலிக்கும், பென்சில் நுழையும் துளை சுண்டெலிக்கும் வாசல். அவற்றைக் கம்பி வலையும் சிமெண்டும் கொண்டு அடைக்க வேண்டும். மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி, மரப்பலகைமேல் அடுக்க வேண்டும். சிந்திய தானியத்தை அன்றன்றே கூட்ட வேண்டும். எலிப்பொறியை நாள்தோறும் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் தப்பி நிற்கும் ஒன்றிரண்டுக்குத்தான் ஏர்கன். துளையடைக்க ஆகும் சிமெண்டுச் செலவு துப்பாக்கி விலையில் ஒரு சிறு பங்குகூட இராது. அதை முதலில் செய்து பார்த்துவிட்டு, பிறகு துப்பாக்கிக் கடைக்குப் போவோம்.