கரகத்துக்கு மதிப்பெண் போடலாமா?

பங்குனி பிறந்துவிட்டால் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கரகாட்ட செட்டுகளுக்கு ஓய்வு கிடையாது. மாரியம்மன் பொங்கல், முளைப்பாரி, ஊர்த் திருவிழா என்று மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர், நத்தம் பக்கம் போகிறவர்கள், இரவில் தொடங்கினால் விடிய விடிய ஆடுகிறார்கள். அதே மேலூர் சாலையில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஆட்டம் வேறு வடிவில் வந்து சேர்கிறது: ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குப் போலீஸ் அனுமதி தரவில்லை என்ற மனுக்களாக. நம் அரசு ஆட்டத்தைக் கலையாகப் பார்க்கிறது, பண்பாடாகப் பார்க்கிறது, சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகவும் பார்க்கிறது. அதை ஆடுகிற உடம்பைத்தான் பார்ப்பதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் நடனத்துக்குப் பதக்கம் கொடுக்கப்பட்டதும், நடனம் விளையாட்டா என்ற பழைய கேள்வி மறுபடியும் சூடுபிடித்தது. நாம் அதைக் கரகத்தை வைத்தே கேட்டுப் பார்க்கலாம்.

தலையில் கரகம் நிற்பதில் பெரிய இயற்பியல் ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றும். செம்புக்குள் அரிசியோ மணலோ போட்டு எடையை அடியில் வைத்தால் ஈர்ப்பு மையம் கீழிறங்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் கவிழாது. ஆனால் அசையாமல் நிற்கிற தலைக்குத்தான் இந்தக் கணக்கு. சாதாரணமாக நடக்கும்போதே ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. தவிலின் வேகத்துக்கு ஆடுகிறவர் அந்த அதிர்வை முழங்காலிலும் இடுப்பிலும் வாங்கிக்கொண்டு, கழுத்துக்கு மேலே போகவிடாமல் தடுக்க வேண்டும். தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்பதை உட்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உணர்கின்றன. அந்தச் செய்தி கண் தசைக்குப் போய்ச் சேர 10 மில்லி விநாடி போல்தான் ஆகும். மாறாக, கண்ணால் பார்த்து, மூளை முடிவெடுத்து, உடம்பை நகர்த்த 200 மில்லி விநாடியாவது வேண்டும். அவ்வளவு தாமதித்தால் செம்பு கைவிட்டுப் போய்விடும். ஆகவே சரிந்த பிறகு சரிசெய்கிற வித்தை அல்ல இது. அடுத்த அடியில் எவ்வளவு சரியும் என்று சிறுமூளை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் கணக்கு. வருடக்கணக்கில் ஆடி ஆடி ஏறிய கணக்கு.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. 29 பாலே நடனக் கலைஞர்களையும் 20 துடுப்புப் படகு வீராங்கனைகளையும் இருட்டறையில் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினார்கள். நாற்காலி நின்ற பிறகும் தலை சுற்றுவதாகத் தோன்றும் உணர்வு நடனக் கலைஞர்களிடம் சீக்கிரமே அடங்கியது. உட்காதின் செய்தியைக் கையாளும் சிறுமூளைப் பகுதியும் அவர்களுக்கு வேறு மாதிரி இருந்தது. ஏணியில் ஏறி நின்று ஆடுகிற, கண் இமையால் ஊசி எடுக்கிற நம்மூர்க் கலைஞர்களை அந்த நாற்காலியில் யாராவது ஒருநாள் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.

உழைப்பின் அளவைப் பற்றியும் ஐயம் வேண்டாம். ஸ்வீடனில் ஷான்ட்ஸ், ஆஸ்ட்ரண்ட் என்ற இரு உடலியலாளர்கள் பாலே கலைஞர்களை அளந்து 1984-ல் வெளியிட்ட ஆய்வில், மேடை நடனத்தின்போது அவர்கள் தங்கள் உச்சபட்ச ஆக்சிஜன் கொள்ளளவில் 80 சதவீதம் வரை பயன்படுத்துவது தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருப்பதை ஒன்று என்று வைத்து, எந்த வேலைக்கு எத்தனை மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று கணக்கிடும் பட்டியல் ஒன்று ஆய்வாளர்களிடம் உண்டு. அதன் 2011 பதிப்பில் தீவிரமான பாலே மேடை நடனத்துக்கு 6.8, கிரிக்கெட்டுக்கு 4.8.

இதைச் சொன்னதும், ‘பிறகென்ன, நடனமும் விளையாட்டுதான்’ என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விடிகாலையில் காய்கறி மூட்டை இறக்கும் சுமைப்பணித் தொழிலாளி கிரிக்கெட் வீரரைவிடக் கடுமையாகத்தான் உழைக்கிறார். அவர் செய்வதை யாரும் விளையாட்டு என்பதில்லை. மறுபக்கம், 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடத்தினோம். வியர்வை சிந்தாமல் உட்கார்ந்தே ஆடும் சதுரங்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-லேயே விளையாட்டாக அங்கீகரித்துவிட்டது. வியர்வையை வைத்து விளையாட்டைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டும் போதும். ஒத்துக்கொண்ட விதிகளுக்குள் ஒருவரை ஒருவர் வெல்ல முயல்வதுதான் விளையாட்டு. உடல் படும் பாடு என்ன என்பது ஒரு கேள்வி, ஆடுவது போட்டியா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் முடிவில்லாமல் இழுக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு நம்மிடமே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது: சிலம்பம். தொடுமுறையில் எதிராளியின் உடம்பைக் கம்பால் தொட்டால் புள்ளி. அதில் சந்தேகமே இல்லை. ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு வீச்சுப் பிரிவுகளிலோ எதிரில் ஆளே கிடையாது. கால்வைப்பு, வேகம், ஒழுங்கு ஆகியவற்றைப் பார்த்து நடுவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். அந்த ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு அது ஏறக்குறைய நடனம்தான். ஆனாலும் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்தது. 2024 ஜனவரியில் மதுரை உட்பட நான்கு நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. ஒரே பள்ளிப் பிள்ளை கம்பு சுற்றினால் முதலமைச்சர் கோப்பைக்குப் போகிறது. கரகம் ஆடினால் கல்வித் துறையின் கலைத் திருவிழாவுக்குப் போகிறது. முதலாவதில் வேலைக்கு வழி உண்டு, இரண்டாவதில் அந்த வழி இல்லை.

நடுவரின் ரசனையை நம்பும் ஒன்றை விளையாட்டாக ஏற்கலாமா என்ற ஆட்சேபம் பழையது. எனக்கு அது வலுவாகப் படவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங், பனிச்சறுக்கு நடனம் எல்லாமே நடுவரை நம்பித்தான் நடக்கின்றன. 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் ஜோடிப் பனிச்சறுக்குத் தீர்ப்பு சந்தி சிரித்தபோது, இரண்டு ஜோடிகளுக்கும் தங்கம் கொடுத்துவிட்டு மதிப்பெண் முறையையே மாற்றினார்கள். நடுவரின் தவறைக் குறைக்க வழி உண்டு. நான் கவலைப்படுவது, மதிப்பெண் சரியாகவே போடப்பட்டால் ஆட்டத்துக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி. ஜிம்னாஸ்டிக்ஸில் 2006-ல் பழைய 10 மதிப்பெண் உச்சவரம்பை நீக்கி, கடினத்துக்குத் தனிப் புள்ளி கொடுத்தார்கள். வித்தைகள் ஏறிக்கொண்டே போயின. நளினத்துக்கு இடம் சுருங்கியது. எதற்குப் புள்ளி உண்டோ அதைத்தான் பயிற்சியாளர் சொல்லித் தருவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பிரேக்கிங் இதைச் சமாளிக்கப் பார்த்தது. பாரிஸில் ஒன்பது நடுவர்கள், ஐந்து அளவுகோல்கள். இசையோடு இயைந்து ஆடுவதற்கும் சொந்தக் கற்பனைக்கும் சம மதிப்பு. டி.ஜே. என்ன பாட்டைப் போடுவார் என்று ஆடுகிறவருக்கு முன்கூட்டித் தெரியாது. நியூயார்க் தெருக்களில் பிறந்தபோதே அது எதிரெதிரே நின்று சவால் விடும் ஆட்டம் என்பதால் போட்டி வடிவம் அதற்குப் பொருந்தியது. அப்படியிருந்தும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலில் அது இல்லை. பாரிஸ் தொடங்கும் முன்பே, 2023-லேயே, அந்தப் பட்டியல் முடிவாகிவிட்டது. ஒலிம்பிக் வாசல் யாருக்கும் நிரந்தரம் அல்ல.

கரகத்தின் சங்கதி வேறு. நையாண்டி மேளத்தில் தவில்காரர் ஒரு தாளத் தீர்மானத்தை எதிர்பாராத இடத்தில் நிறுத்துவார். ஆடுகிறவர் அதைக் காலில் வாங்கித் திருப்பிக் கொடுப்பார். பம்பையும் உறுமியும் நடுவில் புகும். கூட்டம் விசிலடித்தால் அதையே இன்னொரு சுற்று இழுப்பார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலில் வென்றவர் தோற்றவர் கிடையாது. வழிபாட்டுக்காகச் சக்திக் கரகம் எடுத்து வருகிறவரை மதிப்பெண் பலகைக்கு முன்னால் நிறுத்துவதை எந்த ஊரும் பொறுக்காது. ஆட்டக் கரகத்துக்குப் புள்ளிமுறை வகுத்தால் சுழற்சிக்கு இத்தனை, ஏணிக்கு இத்தனை என்றுதான் வரும். பத்து வருடத்தில் மூன்று நிமிட சர்க்கஸ் மிஞ்சும். மேளம் ஒலிப்பதிவில் வரும்.

‘இதெல்லாம் சரி, பதக்கம் இல்லாவிட்டால் அரசு பணம் கொடுக்காதே’ என்பார்கள். வலுவான ஆட்சேபம் இதுதான். விளையாட்டு என்ற பெயர் கிடைத்தால் வேலை, விடுதி, பயிற்சி, சிகிச்சை எல்லாம் சேர்ந்து வருகின்றன என்பது உண்மை. ஆனால் நம் ஊரில் ஒன்று கவனித்தீர்களா? வீர விளையாட்டு என்று நாம் கொண்டாடும் ஜல்லிக்கட்டை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோது, அது தமிழரின் பண்பாட்டு மரபு என்ற சட்டமன்றத்தின் பார்வையில் தலையிடவில்லை. விளையாட்டு பண்பாட்டின் பெயரில் பிழைக்கிறது. ஆட்டம் மட்டும் பிழைப்புக்காக விளையாட்டின் பெயரைக் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. பெயரை மாற்றாமலே சிகிச்சை போன்ற உரிமைகளைக் கொடுக்க முடியும், அதற்கான தேவையும் இருக்கிறது. பரதநாட்டியக் கலைஞர்களிடம் நடந்த ஆய்வுகளில் கீழ்முதுகு, முழங்கால், கணுக்கால் வலிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. வெளிநாட்டு பாலே அரங்குகளில் குதிப்பின் அதிர்வை உள்வாங்கும் நெகிழ்தளம் போடுகிறார்கள். நம் கரகாட்டக் கலைஞர்கள் சலங்கை கட்டிய வெறுங்காலோடு சிமென்ட் சாலையிலும் பேவர் பிளாக்கிலும் குதிக்கிறார்கள், தலையில் எடையோடு.

போட்டியாகவே பிறந்த ஆட்டங்கள் விளையாட்டுத் துறைக்குப் போகட்டும். சிலம்பம் போனதில் தவறில்லை, பிரேக்கிங் ஆடும் பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கும் கொடுக்கலாம். கரகம் கரகமாகவே இருக்கட்டும். ஆனால் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்த ஒவ்வொரு ஆட்டக் கலைஞருக்கும், விளையாட்டு வீரருக்குக் கிடைக்கும் இயன்முறை சிகிச்சையும் காயத்துக்கான காப்பீடும் அந்த வாரிய அட்டையைக் காட்டினால் கிடைக்க வேண்டும். மதுரையில் இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. ரேஸ்கோர்ஸ் விளையாட்டரங்கமும் அரசு இராசாசி மருத்துவமனையும் இருக்கின்றன. விளையாட்டுத் துறையும் கலை பண்பாட்டுத் துறையும் சேர்ந்து ஓர் அரசாணை போட்டால், அடுத்த பங்குனிக்குள் இதைத் தொடங்கிவிடலாம்.