காய்ச்சலின் பதம்

சாத்தூருக்கு அருகே அச்சங்குளம் என்று ஓர் ஊர் உண்டு. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அங்கிருந்த பட்டாசு ஆலையொன்றில் நேர்ந்த வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெளியூரார் பலர் அவ்வூரின் பெயரை முதன்முதலாகக் கேட்டது அந்தத் துயரச் செய்தியில்தான். ஆயினும், ஓர் ஊரின் வாழ்வு ஒரு நாளின் செய்தியில் அடங்கிவிடுவதன்று. பட்டாசு வேலைக்குச் செல்வோர் வீட்டிலும் தொழுவத்தில் ஒரு பசு நிற்பதுண்டு. ஊரைச் சுற்றிலும் மழையை நம்பிய கரிசல் நிலம் விரிந்து கிடப்பதுண்டு. அந்தப் பசு கோடையைக் கடப்பதற்கு வேண்டிய உலர்தீவனத்தைப் பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களிடம் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

நான் அந்தக் கரிசற் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்களுக்கு இருந்தது மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும், இரண்டு உழவு மாடுகளும், ஒரு பசுவுமே. அங்கே மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். மாசி பிறந்தால் மண் வெடிக்கத் தொடங்கும். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தால் உண்டு. பெய்யாவிட்டால் அடுத்த பருவம் வரையில் பச்சை என்ற நிறமே கண்ணில் படாது. இந்த வறட்சிதான் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழிலைத் தேடித் தந்தது. 1923-இல் அங்கே தொடங்கிய அத்தொழிலுக்கும், பின்னர் வந்த பட்டாசுத் தொழிலுக்கும் வெயிலும் ஈரமற்ற காற்றும் பெருந்துணையாயின. மருந்தை உலர்த்தும் அதே வெயில்தான் மாட்டுக்குரிய தீவனத்தையும் உலர்த்தித் தருகிறது.

மனிதன் தன் உணவுக்குத் தானியத்தைக் குதிரில் சேர்க்கிறான். மாட்டின் தானியம் எது? பச்சைப் பயிர்தான். ஆனால் பச்சையை அப்படியே சேர்த்து வைக்க முடியாது, அழுகிவிடும். அதிலுள்ள நீரை வெளியேற்றிவிட்டால், எஞ்சிய சத்தைப் பல மாதங்கள் காத்து வைக்கலாம். உலர்தீவனத்தின் தத்துவம் முழுவதும் இவ்வளவே.

நெல் விளையும் நாட்டில் ‘நாற்று’ என்றால், பிடுங்கி நடும் இளம்பயிரைக் குறிக்கும். எங்கள் கரிசற் காட்டில், மாட்டுக்கென்றே நெருக்கமாக விதைத்து அறுக்கும் சோளப் பயிருக்கும் அப்பெயர் உண்டு. இதனை வைக்கோலுடன் ஒன்றாக எண்ணிவிடலாகாது. வைக்கோல் என்பது தானியம் முற்றியபின் எஞ்சும் தாள். அதன் சத்தெல்லாம் மணிக்குள் ஏறிவிட்டிருக்கும். நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்குதான். கதிர் வெளிவந்து பூக்கும் தருணத்திலேயே அறுத்துப் பக்குவமாக உலர்த்திய சோளநாற்றில் அது ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். முற்றவிட்டு அறுத்தால் தண்டு விறகாகும். எடை கூடும், ஆனால் மாட்டின் உடலில் ஒட்டுவது குறையும்.

பூக்கும் வரையில் பொறுத்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இளஞ்சோளத்திலும், மழையின்றி வாடிக் குன்றிய சோளத்திலும், அறுத்த தாளிலிருந்து மறுபடி துளிர்க்கும் குருத்திலும் டுரின் என்னும் பொருள் மிகுந்திருக்கும். மாடு மென்று விழுங்கியதும் அது ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சாக மாறுகிறது. பட்டியை விட்டுத் தப்பிய மாடு வாடிய சோளக்கொல்லையில் மேய்ந்து, சற்று நேரத்தில் மூச்சுத் திணறி விழுந்து மாண்டதைக் கரிசல் ஊர்களில் பார்த்தவர் பலர். பயிர் வளர வளர இந்த நஞ்சு குறைகிறது. அறுத்து நன்றாக உலர்த்தும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகி அகன்றுவிடுகிறது. ஆகவே வெயில் இங்கே நீரை மட்டும் அன்று, நஞ்சையும் வெளியேற்றுகிறது.

இனி, சிறிது கணக்குப் பார்ப்போம். பச்சைச் சோளப்பயிரில் நூற்றுக்கு 75 பங்கு நீர் என்று கொள்வோம். 100 கிலோ பயிரை அறுத்தால் அதில் 25 கிலோதான் உலர்பொருள். சேமித்து வைக்கும் தீவனத்தில் ஈரம் நூற்றுக்கு 15 பங்குக்கு மேற்படாதிருப்பது நலம். அந்த அளவுக்கு உலர்ந்தால் நம் 100 கிலோ சுமார் 29 கிலோவாகச் சுருங்கும். மீதி 71 கிலோ நீர் காற்றில் கலந்தாக வேண்டும். 250 கிலோ எடையுள்ள நாட்டுப் பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 கிலோ உலர்தீவனம் வேண்டுமெனில், ஐந்து மாதத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் ஆகும். அதற்கு மூன்றரை டன் பச்சைப் பயிரை அறுத்து உலர்த்த வேண்டும். ஒரே ஒரு பசுவுக்கு இவ்வளவு உழைப்பு!

இந்த உழைப்பு தை மாதத்தில் நடைபெறும். காலைப் பனி விலகியபின் அறுத்த பயிரைத் தரையில் மெல்லிய படுகையாகப் பரப்புவோம். மறுநாள் புரட்டிப் போடுவோம். இலை ஒரே நாளில் காய்ந்துவிடும். தண்டோ உள்ளே நீரைப் பிடித்துக்கொண்டு நாட்கணக்கில் கிடக்கும். தண்டு காயட்டும் என்று அளவுக்கு மீறி வெயிலில் போட்டுவிட்டால், இலை நொறுங்கி மண்ணோடு போகும். சத்து மிகுதியாக இருப்பது இலையில்தான். பயிரின் பச்சை நிறமும் வெளுத்து, அதனோடு வைட்டமின் ஏ-யின் மூலப்பொருளாகிய கரோட்டினும் அழியும். எனவே, பாதி காய்ந்ததும் சிறு கட்டுகளாகக் கட்டி, நான்கைந்து கட்டுகளை ஒன்றோடொன்று சாய்த்துக் கூம்பு போல் நிறுத்துவோம். இடையே காற்றுப் புகுந்து தண்டை உலர்த்தும். உள்ளிருக்கும் இலை வெயிலில் வெளுக்காது. கட்டுவதை மட்டும் விடியற்காலையில் செய்வோம். பனியில் இலை சற்றே துவண்டிருக்கும், ஆகவே உதிராது. ஆனால், அந்தப் பனி ஈரத்தோடு படப்பில் அடுக்குவது பெருந்தவறு.

படப்பு என்பது தென்மாவட்டங்களில் வைக்கோற்போருக்கு வழங்கும் பெயர். நாற்றுப் படப்பைத் தரைமேல் அப்படியே வைப்பதில்லை. கல் பரப்பி, அதன்மேல் விறகுக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இட்டு, அதன்மேல்தான் அடுக்குவோம். கறையான் ஏறாது, அடியில் காற்று நடமாடும். கட்டின் அடித்தண்டு வெளிப்புறமும் இலைப்பகுதி உட்புறமுமாக வைத்து, வெளிப்புறம் சற்றுத் தாழ்ந்திருக்குமாறு அடுக்கினால், மழை நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். உச்சியைக் கூரை முகடு போல் கூட்டி முடிப்போம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஓராண்டு நாங்கள் தவறினோம். அப்போது எனக்குப் பதினான்கு வயது. தை மாதக் கடைசியில் திடீரென்று வானம் கறுத்தது. “இன்னும் இரண்டு நாள் காயட்டும்” என்றார் என் தந்தையார். “மழை பெய்தால் எல்லாம் பாழாகிவிடும்” என்று நானும் என் தமையனாரும் வற்புறுத்தினோம். அன்று மாலைக்குள் படப்பை அடுக்கி முடித்தோம். மழையோ தூறலோடு நின்றுவிட்டது. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள் காலை, படப்பின் முகட்டிலிருந்து ஆவி எழுந்தது. கருப்புக்கட்டி காய்ச்சும்போது வருவது போன்ற இனிய மணமும் வந்தது. எனக்கு அந்த மணம் பிடித்திருந்தது. பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்து, படப்பின் பக்கவாட்டில் கையை நுழைத்தார். உடனே வெளியே இழுத்துக்கொண்டார். “அண்ணாச்சி, படப்புக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள்” என்றார். வெயிலில் போதிய காய்ச்சல் பெறாத தீவனம் படப்புக்குள் வேறொரு காய்ச்சலைப் பெறுகிறது என்பதை அன்று கண்டேன். பிரித்தபோது நடுப்பகுதி கறுத்து, தொட்டால் பொடியாகும் நிலையில் இருந்தது. பாதிக்கு மேல் எருக்குழிக்குப் போயிற்று.

எஞ்சியது பங்குனியோடு தீர்ந்தது. சித்திரையில் பசுவை மாட்டுத்தாவணிக்கு ஓட்டிச் சென்றோம். தீவனம் இல்லாத ஆண்டில் எல்லோரும் விற்க வருவார்கள். வாங்க வருவோர் சிலரே. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். எங்கள் நோட்டுப் புத்தகங்களை அதுவரையில் வாங்கிக் கொடுத்தது அந்தப் பசுவின் பால் காசு. என் தாயார் அன்றிரவு வெறும் தொழுவத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

படப்புக்குள் நடந்தது என்ன? அறுத்த பயிர் உடனே இறந்துவிடுவதில்லை. ஈரம் உள்ளவரை அதன் உயிரணுக்கள் மூச்சு விடுகின்றன. அதனால் வெப்பம் பிறக்கிறது. பின்னர் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகி மேலும் வெப்பத்தை உண்டாக்குகின்றன. தீவனம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அது நடுவிலேயே தேங்குகிறது. ஏறக்குறைய 70 டிகிரி செல்சியஸ் அளவில் அந்த நுண்ணுயிர்களே மடிந்துபோகும். ஆனால் அதற்குள் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வேதிவினை தொடங்கிவிட்டிருக்கும். வெப்பம் அதன்பின் தானே ஏறும். போதிய காற்று கிடைத்த கணத்தில், ஒரு தீக்குச்சியும் இல்லாமல் படப்பு பற்றிக்கொள்ளும். இது பெரும்பாலும் அடுக்கிய சில வாரங்களுக்குள் நேர்வது. எனவே ஆவியோ கருகிய மணமோ கண்டால், ஓர் இரும்புக் கம்பியை உள்ளே செருகிச் சில நிமிடங்கள் கழித்து உருவிப் பாருங்கள். கையால் பிடிக்க இயலாத சூடு இருந்தால், படப்பின்மேல் ஏறாமல், தீயணைப்பு நிலையத்தாரை வரவழைத்த பின்னரே பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது புகும் காற்றே தீயை எழுப்பிவிடும்.

எரியாவிட்டாலும், பூஞ்சை பிடித்த தீவனம் தீங்கானதே. அதன் தூசியைத் தொடர்ந்து சுவாசிக்கும் உழவனுக்கு நுரையீரல் நோய் வரும். மாட்டுக்கு வருவது அதனினும் கொடியது. 1920-களில் வட அமெரிக்காவில் ‘ஸ்வீட் குளோவர்’ என்னும் தீவனப்பயிரைச் சரியாக உலர்த்தாமல் சேமித்த பண்ணைகளில், மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் உறையாமல் இறந்தன. 1933-இல் விஸ்கான்சின் மாநிலத்து உழவர் ஒருவர் அந்தத் தீவனத்தையும், உறையாத இரத்தம் நிறைந்த பாற்கலனையும் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியலாரின் ஆய்வுக்கூடத்தார் பல ஆண்டுகள் முயன்று, பூஞ்சையால் அத்தீவனத்தில் உண்டான டைகூமரால் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக வந்து, பின்னர் மனிதரின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தாகவும் ஆயிற்று. ஏழை உழவர் ஒருவரின் ஈரத் தீவனம் மருத்துவ உலகுக்கே ஒரு பாடம் கற்பித்தது.

இக்காலத்தில் ஆற்றுப்பாசனப் பகுதிகளில் நெல்லை இயந்திரம் அறுக்கிறது. வயலில் சிதறிய வைக்கோலை டிராக்டருடன் இணைந்த மற்றோர் இயந்திரம் வாரிச் சுருட்டி, கயிறு சுற்றி, உருளைக் கட்டாக வெளியே தள்ளுகிறது. சிறு உருளைக் கட்டுகளைத் தரும் இத்தகைய இயந்திரம் 1947-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கட்டாகச் சேர்த்தால் இடம் குறையும், லாரியில் ஏற்றலாம், எத்தனை நாளுக்குக் காணும் என்று எண்ணிப் பார்க்கலாம். இயந்திரம் இல்லாத சிறு விவசாயியும், மேலும் கீழும் திறந்த ஒரு மரப்பெட்டியின் உட்புறம் இரண்டு கயிறுகளை விரித்து, உலர்ந்த தீவனத்தை இட்டு மிதித்து, கயிற்றை முடிச்சிட்டு, பெட்டியை மேலே தூக்கிவிட்டால் சதுரக் கட்டு கிடைக்கும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இறுகக் கட்டிய கட்டில் காற்றோட்டம் குறைவு. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. ஆகவே இறுகக் கட்டுவதாயின் இன்னும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

காய்ந்ததா என்று அறிவது எப்படி? என் தந்தையார் ஒரு பிடித் தண்டை எடுத்து முறுக்குவார். ஈரம் கசிந்தால் காயவில்லை. தண்டின் கணுவை நகத்தால் கீறிப் பார்ப்பார். கடைசியாகக் காய்வது கணுதான். நீங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேறொரு முறையைச் செய்து பார்க்கலாம். நறுக்கிய தீவனத்துடன் உலர்ந்த சமையல் உப்பைச் சிறிது சேர்த்து, மூடியுள்ள உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் இட்டுச் சில நிமிடங்கள் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் மிகுதி. ஒட்டாமல் உதிர்ந்தால் சேமிக்கத் தக்கது. மேலும் நுட்பமாக அறிய வேண்டின், 100 கிராம் எடுத்து, எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். குறைந்த கிராம்களே ஈரத்தின் நூற்று விகிதம்.

படப்பை வீட்டை ஒட்டியும், மின்கம்பிக்கு அடியிலும் போடாதிருப்பதும், தீபாவளி நாளில் அதனருகே வாணம் விடாதிருப்பதும் நீங்கள் ஊரில் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்திகள். பட்டாசு நாட்டுக்குத் தீயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீரும் தீயாகும் என்பதைப் படப்பு ஒன்றுதான் சொல்லிக் கொடுக்கிறது.

அந்தச் சித்திரைக்குப் பின் இரண்டு ஆண்டுகள் கழித்து எங்கள் தொழுவத்துக்கு மீண்டும் ஒரு பசு வந்தது. அதன்பின் ஒவ்வொரு தையிலும், படப்பு அடுக்கிய நாள் முதல் ஒரு மாத காலம், இரவு உணவுக்குமுன் என் தந்தையார் அதன் பக்கவாட்டில் கையை நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். “குளிர்ந்திருக்கிறது” என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்ட பின்னரே என் தாயார் எங்களுக்குச் சோறு பரிமாறுவார்.