அம்மா வீட்டுக்கு வந்துட்டீங்களா? மனுவை இங்கேயே கொடுக்கலாம்!

கல்யாணமாகி திருப்பூர் போனீங்க. அடி தாங்காம தாண்டிக்குடியில அம்மா வீட்டுக்கே திரும்பிட்டீங்க. 'கேஸ் போட்டா திருப்பூருக்குத்தான் அலையணும்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, நீங்க தற்காலிகமா தங்கியிருக்கிற பகுதியின் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனு கொடுக்கலாம். அதுக்காக விவாகரத்து கேட்கணும்னு கட்டாயமில்லை.

'வீடு மாமியார் பேர்ல இருக்கு, உள்ளே வராதே'ன்னு மிரட்டுறாங்களா? கணவரோடு குடும்பமா வாழ்ந்த வீடு அவருடைய உறவினர் பெயரில் இருந்தாலும், அங்கே வசிக்கும் உரிமையைக் கேட்கலாம்னு 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. (சொத்துல பங்கு கேட்கிறது வேற விஷயம்!)

வக்கீல் ஃபீஸை நினைச்சுத் தயங்காதீங்க. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச சட்ட உதவி உண்டு. திண்டுக்கல்லில் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரே மனு எழுத உதவுவார். அவசரம்னா 181-க்கு போன் பண்ணுங்க.