இன்ஜின் கொதித்தால்...

திருப்பெரும்புதூர் வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் உருவாகின்றன. எனினும், இன்ஜின் கொதித்தவுடன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே நம்மிற் பலர் முற்படுகிறோம். அது பேராபத்து! அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாதிருக்கும். மூடி திறந்ததும் ஆவியாய்ச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும்.

முதலில் இன்ஜினை நிறுத்தி, முற்றும் ஆறவிடுவோம். ஆறியபின் வீட்டிலேயே சோதிக்கலாம். நீர் குறைந்திருப்பின், குழாய்களிலும் தரையிலும் கசிவைத் தேடுவோம். நீர் நிறைந்திருந்தால், இன்ஜினை ஓடவிட்டு, சூடேறியதும் விசிறி சுழல்கிறதா எனத் தொடாமற் பார்ப்போம். அதுவும் சுழன்றால், தெர்மோஸ்டாட்டோ நீர்ப்பம்போ பழுதாயிருக்கலாம். இன்ஜின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்போம்.

வேளாங்கண்ணித் திருப்பயணத்தில் செபமாலையோடு இப்பொறுமையும் நம்முடன் வரட்டும்.